அதிகாலை ஃப்ளைட்... ஏர்போர்ட் பக்கத்தில் ரூம்! - ஹோட்டல் வண்டியை நம்பிக் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சென்னையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்களில் பல, ஊரே தூங்கும் நேரத்தில்தான் கிளம்புகின்றன. அதிகாலை 4 மணிக்கு விமானம் என்றால், 3 மணி நேரம் முன்னதாக, அதாவது 1 மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். அதற்கு 12 மணிக்காவது வீட்டைப் பூட்ட வேண்டும். அன்றைய தூக்கம் அவ்வளவுதான்.

மந்தைவெளி, மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் இந்தக் கணக்கு தெரியாத வீடுகள் குறைவு. பிள்ளைகள் அமெரிக்காவிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பேரன் பிறந்தால், பேத்திக்குப் பள்ளி விடுமுறை என்றால், இங்கிருந்து அப்பாவும் அம்மாவும் இரண்டு பெரிய பெட்டிகளோடு கிளம்புவார்கள். போனில் மகன் சொல்வார்: "அப்பா, ராத்திரி அலைய வேணாம். ஏர்போர்ட் பக்கத்துல ரூம் போட்டுட்டேன். ஹோட்டல் ஷட்டில் இருக்குன்னு போட்டிருக்கான். அதுல ஏறிடுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல். 'ஷட்டில்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் ஒரு பொருள், சென்னையில் வேறு பொருள். அது புரியாமல் போனால், நள்ளிரவில் பெட்டிகளோடு வாசலில் நிற்பது எழுபது வயதைத் தாண்டியவர்கள்தான்.

ஷட்டில் வேறு, பிக்கப் வேறு

அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பல ஹோட்டல்கள், தங்கள் பெயர் போட்ட வேனை ஏர்போர்ட்டுக்கும் ஹோட்டலுக்கும் இடையே ஓட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இலவசம். குறிப்பிட்ட இடத்தில் போய் நின்றால் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ஷட்டில் என்றால் அங்கே அதுதான் அர்த்தம்.

சென்னையில் அந்தப் பழக்கம் பரவலாக இல்லை. ஹோட்டல் புக்கிங் ஆப்களில் 'ஏர்போர்ட் ஷட்டில்' என்று ஒரு சின்ன அடையாளம் இருக்கும். இங்கே அதற்கு, 'நீங்கள் முன்கூட்டிச் சொன்னால் கார் அனுப்புவோம், அதற்குத் தனிக் கட்டணம்' என்பதே பெரும்பாலும் பொருள். சில இடங்களில் ஹோட்டலுக்குச் சொந்தக் கார் இருக்கும். சில இடங்களில் ரிசப்ஷனில் இருப்பவர் தெரிந்த டிராவல்ஸ்காரருக்கு போன் போட்டு வண்டி வரவழைப்பார். அறைக் கட்டணத்துக்குள் பிக்கப் அடங்கிவிடும் சலுகைகளும் உண்டு. ஆனால், அது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். ஒரே ஹோட்டலில்கூட நீங்கள் எடுத்த அறையைப் பொறுத்து மாறும்.

சுருக்கமாகச் சொன்னால், நம் ஊரில் ஹோட்டல் வண்டி பஸ் மாதிரி தானாக வராது. பேசி வைத்தால்தான் வரும்.

முதலில் ஒரு கேள்வி... ரூம் தேவைதானா?

மந்தைவெளியிலிருந்து விமான நிலையம் சுமார் 15 கிலோமீட்டர். அடையாறு, சர்தார் பட்டேல் சாலை, கிண்டி, ஜி.எஸ்.டி. சாலை என்று போய்விடலாம். நள்ளிரவில் சாலை காலியாக இருக்கும். உடம்பு ஒத்துழைக்கும் இரண்டு பேருக்கு, மாலையில் ஒரு குட்டித்தூக்கம் போட்டுவிட்டு வீட்டிலிருந்தே டாக்ஸியில் கிளம்புவதுதான் எளிது, செலவும் குறைவு. நங்கநல்லூரில் சித்தி வீடோ, பழவந்தாங்கலில் மாமா வீடோ இருந்தால் இன்னும் வசதி. மந்தைவெளிக்காரர்களின் பழைய 'ஏர்போர்ட் ஹோட்டல்' அதுதானே!

ஆனால், சில சூழல்களில் ரூம் போடுவது வீண் செலவு அல்ல.

மழைக்காலம் முதல் காரணம். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னை விமான நிலையமே பல நாள்கள் மூடிக்கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்க வேண்டி வந்தது. 2023-ல் மிக்ஜாம் புயலின்போது டிசம்பர் 4-ம் தேதி மூடிய ஓடுபாதையை மறுநாள்தான் திறந்தார்கள். அந்த அளவுக்குப் போகாத சாதாரண அடைமழையிலும், தண்ணீர் தேங்கிய தெருவுக்குள் வரத் தயங்கி டாக்ஸி டிரைவர்கள் பயணத்தை ரத்து செய்வது நடக்கிறது. ஆர்.கே. மடம் சாலையில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி தொடங்கியதிலிருந்து போக்குவரத்து மாற்றங்களும் இந்தப் பகுதிக்குப் பழகிவிட்டன. வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில், முந்தைய நாள் பகலிலேயே ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் போய்விடுவது நிம்மதி.

இரண்டாவது, உடல்நிலை. லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட்டில் மூன்றாவது மாடியிலிருந்து நள்ளிரவில் பெட்டிகளை இறக்க ஆள் கிடைக்காது. பகலில் என்றால் வாட்ச்மேனோ பக்கத்து வீட்டுப் பையனோ கை கொடுப்பார்கள்.

மூன்றாவது, வெளியூரிலிருந்து வந்து விமானம் ஏறுபவர்கள். கும்பகோணத்திலிருந்து ரயிலில் வந்து மறுநாள் விடியலில் விமானம் பிடிக்கும் உறவினரை, மந்தைவெளி வரை அழைத்து வந்து திரும்பவும் ஏர்போர்ட்டுக்கு அனுப்புவதைவிட, தாம்பரத்தில் இறங்கச் சொல்லி அருகிலேயே தங்கவைப்பது நல்லது.

'ஏர்போர்ட் அருகில்' என்றால் எவ்வளவு அருகில்?

ஹோட்டல் பெயரில் 'சென்னை ஏர்போர்ட்' என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மேப்பில் தூரத்தைப் பாருங்கள். மீனம்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கும் டிரைடன்ட், பரங்கிமலைப் பக்கம் உள்ள ரேடிஸன் ப்ளூ ஜி.ஆர்.டி. போன்றவை உண்மையிலேயே பக்கம். கிண்டியில் இருக்கும் ஐ.டி.சி. கிராண்ட் சோழா, ஹில்டன், பார்க் ஹயாத் எல்லாம் மந்தைவெளிக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவழி. இவை பெரிய பட்ஜெட். திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் நடுத்தர ஹோட்டல்களும் லாட்ஜ்களும் உண்டு.

ஹோட்டல் சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 'நடந்து போகும் தூரம்' என்று போட்டிருக்கும். ஆனால், நடுவில் ஜி.எஸ்.டி. சாலை இருக்கும். பெட்டிகளோடு அந்தச் சாலையைக் கடப்பது ஆபத்து. திரிசூலம் ரயில் நிலையத்தையும் விமான நிலையத்தையும் இணைக்கும் சுரங்கப்பாதை உண்டு. ஆனால், அது முதுகுப் பையோடு போகும் இளைஞருக்கு ஏற்ற வழியே தவிர, முழங்கால் வலி உள்ள பாட்டிக்கு அல்ல.

போவதற்கு மெட்ரோ... திரும்ப ஹோட்டல் கார்

மந்தைவெளிக்காரர்களுக்குக் கைகொடுக்கும் ஒரு யோசனை இது. ஹோட்டலுக்குப் போவது மாலையில், ஹோட்டலிலிருந்து ஏர்போர்ட் போவது நள்ளிரவில். இரண்டுக்கும் ஒரே வழியைப் பிடிக்க வேண்டியதில்லை.

சேமியர்ஸ் ரோடு வழியாக ஆட்டோவில் நந்தனம் போனால், அங்கிருந்து விமான நிலைய மெட்ரோ ஏழாவது ஸ்டேஷன். 2016 செப்டம்பரிலிருந்து மெட்ரோ விமான நிலையம் வரை ஓடுகிறது. ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம் ஆகிய ஸ்டேஷன்களுக்கு அருகில் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தால், போகும் வழிக்கு ஹோட்டல் காரே தேவையில்லை. பெட்டி குறைவாக இருப்பவர்களுக்கு அடையாறு, கிண்டி வழியே தாம்பரம் பக்கம் போகும் 21ஜி பஸ்ஸும் இருக்கிறது. மந்தைவெளியின் பறக்கும் ரயிலை மட்டும் இதற்கு எண்ண வேண்டாம். அந்தப் பாதை விமான நிலையத்துக்குப் போகாது.

மெட்ரோ காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரைதான். எனவே, நள்ளிரவு விமானத்துக்கும் விடியற்காலை விமானத்துக்கும் ஹோட்டல் வண்டிதான் கை கொடுக்க வேண்டும். செக்-இன் செய்யும்போதே ரிசப்ஷனில், "ராத்திரி 12.30-க்கு டிராப் வேணும்" என்று சொல்லி, அவர்கள் நோட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டு அறைக்குப் போங்கள். ஒரே வண்டி இருக்கும் ஹோட்டலில், அதே நேரத்துக்கு இன்னொரு குடும்பம் முதலில் கேட்டிருந்தால் உங்களுக்குக் காத்திருப்புதான்.

போனில் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

ரூம் புக் செய்ததும், ஆப்பை நம்பி விட்டுவிடாமல் ஹோட்டலுக்கே போன் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

1. பிக்கப், டிராப் இரண்டும் உண்டா? சில இடங்களில் ஒன்றுதான் இருக்கும்.

2. இலவசமா, கட்டணமா? கட்டணம் என்றால் ஆளுக்கா, வண்டிக்கா? வரி, பார்க்கிங், இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தா? சில ஹோட்டல்களின் கார் கட்டணம் சாதாரண டாக்ஸியைவிடப் பல மடங்கு இருக்கும். தெரிந்து ஒப்புக்கொள்வது வேறு, பில்லில் பார்த்து அதிர்வது வேறு.

3. 24 மணி நேரமும் வண்டி உண்டா? 'உண்டு' என்றால், இரவில் டிரைவர் ஹோட்டலிலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா?

4. என்ன வண்டி? இரண்டு பேர், நான்கு பெரிய பெட்டிகள் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். கேஸ் சிலிண்டர் வைத்த காரின் டிக்கியில் ஒரு பெரிய பெட்டி வைப்பதே கஷ்டம்.

5. விமானத்திலிருந்து இறங்கி வருபவர் என்றால், டிரைவர் எங்கே நிற்பார்? டெர்மினல், கேட் எண் இரண்டையும் கேளுங்கள்.

6. விமானம் தாமதமானால் காத்திருப்பார்களா? அதற்குத் தனிக் கட்டணமா?

7. டிரைவரின் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர் எப்போது வரும்? வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். போனில் பேசியவர் அன்று இரவு ட்யூட்டியில் இருக்க மாட்டார். வாட்ஸ்அப் செய்தி இருக்கும்.

தேதியில் கோட்டை விடாதீர்கள்

நள்ளிரவு விமானங்களில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. டிக்கெட்டில் '15-ம் தேதி 01.30' என்று இருந்தால், நீங்கள் வீட்டிலிருந்து கிளம்புவது 14-ம் தேதி இரவு. ரூமும் 14-ம் தேதிக்குத்தான் வேண்டும். இறங்குவதற்கும் இதே கணக்கு. 15-ம் தேதி 00.40-க்கு இறங்குபவருக்கு 15-ம் தேதி ரூம் போட்டால், அந்த அறை அன்று மதியம்தான் கிடைக்கும். வண்டியும் ஒரு நாள் தாமதமாக வந்து நிற்கும்.

ஹோட்டலிடம் சொல்லும்போது, "14-ம் தேதி திங்கட்கிழமை ராத்திரி, விடிஞ்சா செவ்வாய்" என்று கிழமையோடு சொல்வது பாதுகாப்பு. தேதியைத் தவறாகக் கேட்பவரும் கிழமையைச் சரியாகப் பிடித்துக்கொள்வார்.

இறங்கிய பிறகு எங்கே நிற்பது?

சென்னையில் சர்வதேச விமானங்களுக்கு டி2. 2023 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம் அது. உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என இரண்டு முனையங்களில் இயங்குகின்றன. இந்த இரண்டும் ஒட்டி ஒட்டி இல்லை, நடுவில் டி2 இருக்கிறது. 'டொமஸ்டிக் வாசல்' என்று மட்டும் சொன்னால், டிரைவர் ஒரு முனையிலும் நீங்கள் மறு முனையிலும் நின்று போனில் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

ஆப் டாக்ஸிகளில் ஏறும் இடம், முனையங்களுக்கு எதிரே உள்ள பலமாடி வாகன நிறுத்தக் கட்டடத்தில் இருக்கிறது. ஹோட்டல் கார் அங்கே வருமா, முனைய வாசலுக்கு வருமா என்பதை ஹோட்டல்தான் சொல்ல வேண்டும். வாசலில் வண்டியை நெடுநேரம் நிறுத்தி வைக்க விடமாட்டார்கள். அதனால் பெல்ட்டில் பெட்டியை எடுத்து, டிராலியில் வைத்த பிறகு டிரைவரை அழையுங்கள். விமானம் தரை தொட்டதுமே அழைத்தால் அவர் வந்து சுற்றிக்கொண்டிருப்பார்.

வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு உள்ளூர் சிம் இருக்காது. அப்படி வருபவர் என்றால், டிரைவரின் நம்பர் மந்தைவெளி வீட்டில் ஒருவரிடமும் இருக்கட்டும். இரண்டு பக்கமும் பேசி இணைப்பது அவர் வேலை.

விமானம் தாமதமா? ஹோட்டலும் வண்டியும் உங்கள் உரிமை!

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளில் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. விமானம் 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, தேவைப்படும் பயணிகளுக்கு விமான நிறுவனம் இலவசமாக ஹோட்டலில் தங்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்குப் போய்வரும் வண்டியும் அதில் அடக்கம்.

நேரத்துக்கு செக்-இன் செய்தவர்களுக்குத்தான் இந்த உரிமை. ஆகவே, தாமதம் என்று செய்தி வந்ததும் வெறுத்துப்போய் நாமே வெளியேறி டாக்ஸி பிடித்துவிடக் கூடாது. விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் கேட்க வேண்டும். எந்த ஹோட்டல், எந்த வாசலில் வண்டி, திரும்ப எத்தனை மணிக்கு அழைத்து வருவார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சர்வதேசப் பயணிகள் குடியுரிமைச் சோதனையை முடித்துவிட்டிருந்தால், புறப்பாட்டு முத்திரையை ரத்து செய்த பிறகே வெளியே வர முடியும். அதற்கும் விமான நிறுவன ஊழியர் கூட வர வேண்டும். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்திருப்பது இதுபோன்ற இரவுகளில்தான் காப்பாற்றும்.

நியூயார்க்கில் இறங்கும் அம்மாவுக்கு...

வழியில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் கதை வேறு. முதல் விஷயம், விசா. ஃபிராங்ஃபர்ட்டில் ஏர்போர்ட்டுக்கு வெளியே உள்ள ஹோட்டலுக்குப் போக இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு ஷெங்கன் விசா வேண்டும். கையில் அமெரிக்க விசா மட்டும் இருந்தால் போதாது. விசா இல்லாதவர்களுக்கு, துபாய்போல முனையத்துக்குள்ளேயே டிரான்சிட் ஹோட்டல் இருக்கும் விமான நிலையங்களே தோது.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியுரிமைச் சோதனையையும் கஸ்டம்ஸையும் முடிக்க வேண்டும். அடுத்த விமானம் மறுநாள் என்றால், ஹோட்டல் ஷட்டில் அங்கே நிஜமாகவே உதவும். ஆனால், அது வாசலுக்கே வந்துவிடாது. நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் ஏர்டிரெய்னில் ஏறி 'ஃபெடரல் சர்க்கிள்' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஹோட்டல் வேன்கள் அங்கேதான் வரும். முனையத்திலிருந்து அதுவரை ஏர்டிரெய்ன் இலவசம். நுவார்க்கில் அதேபோல் 'பி4' ஸ்டேஷன். லண்டன் ஹீத்ரோவிலோ ஹோட்டல்களுக்குப் போகும் 'ஹாப்பா' பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் பெயரில் ஒரே விமான நிலையத்தைச் சுற்றி இரண்டு மூன்று ஹோட்டல்கள் இருக்கும். முதல் பெயரை மட்டும் பார்த்து ஏறினால் வேறு ஹோட்டலில் போய் இறங்குவீர்கள். முழுப் பெயரையும் சாலைப் பெயரையும் டிரைவரிடம் காட்டிவிட்டு ஏற வேண்டும். பெட்டியைத் தூக்கி வைக்கும் டிரைவருக்கு ஓரிரு டாலர் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

போனை மட்டும் நம்பாதீர்கள்

இத்தனை ஏற்பாடும் போனுக்குள்தான் இருக்கும். போனில் சார்ஜ் தீர்ந்தாலோ, ஏர்போர்ட் வைஃபைக்கு ஓ.டி.பி. வராமல் போனாலோ, புக்கிங், டிரைவர் நம்பர் எல்லாம் கைக்கு எட்டாமல் போகும். வாட்ஸ்அப் இருந்தாலும் ஹோட்டலின் லேண்ட்லைனுக்கு அதிலிருந்து பேச முடியாது.

எனவே, ரூம் போட்டுத் தரும் பிள்ளைகள் இன்னும் ஒரு வேலையையும் செய்துவிடலாம். ஹோட்டலின் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர், ரூம் தேதி கிழமையோடு, வண்டி வரும் நேரம், நிற்கும் இடம், டிரைவர் நம்பர், கட்டணம் கொடுத்தாகிவிட்டதா இல்லையா... இந்த எட்டு விவரங்களையும் பெரிய எழுத்தில் டைப் செய்து அனுப்புங்கள். மந்தைவெளியில் தெருவுக்கொரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அப்பாவின் சட்டைப் பையிலும், இன்னொன்றை அம்மாவின் கைப்பையிலும் வைக்கச் சொல்லுங்கள். இருவரும் ஒரே இடத்தில் வைத்திருந்தால், அந்தப் பை பெட்டிக்குள் போய்விடும்!